தங்கவயலுக்கு நான் தூக்கிப்போன முதல் இதழ்

பால்மரக் காட்டில், அதாவது மலாயா ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. ஈப்போவில் ஒரு சீனருடைய அச்சாபீசில் தரை கூட்ட நுழைந்து, அங்கேயே ஈய எழுத்து பிரிக்கவும் கோர்க்கவும் மிஷின் ஓட்டவும் கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பார்த்துப் பார்த்துக் கற்றது. இன்றுவரை எனக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் எழுத்தின் முகத்தை வைத்தே ஆங்கிலப் புத்தகம் கோர்த்துக் கொடுத்திருக்கிறேன், ஓர் எழுத்து தவறாமல். முப்பத்தைந்தாவது வயதில் சபாபதி அச்சகம் என்று சொந்தப் பலகை மாட்டினேன். வெள்ளத்தில் மிஷின் மூழ்கியது. பழைய இரும்புக்குப் போட்டுவிடு என்றார்கள். திருகு திருகாகக் கழற்றித் துடைத்து அடுத்த வாரமே ஓட்டினேன். வீடு கட்டினேன். மூன்று பிள்ளைகளைப் பட்டதாரியாக்கினேன். மாரியம்மன் கோவில் மண்டபத்துக்கு மேற்கூரை போட்டவனும் நான்தான். கல்லில் பெயர் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

இவ்வளவுக்கும் மேலே நான் சொல்லிக்கொள்வது ஒரு பத்திரிகை. தீயணைப்புக்காரர்கள், ஆம்புலன்ஸ்காரர்கள், வெள்ளத்திலும் சுரங்கத்திலும் ஆட்களை மீட்கிறவர்கள் படிக்கிற தொழில் பத்திரிகை. அதன் ஆங்கிலப் பெயர் ஒரு முழம் இருக்கும். எங்கள் ஆபீசில் 'ஆபத்துப் புத்தகம்' என்றுதான் சொல்வோம்.

பத்து வருஷத்துக்கு முன்னால் மூன்று பேர் டைப் அடித்த தாள்களோடு என்னிடம் வந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்ற தீயணைப்பு அதிகாரி, ஒருவர் டாக்டர், ஒருவர் கல்லூரி விரிவுரையாளர். விரிவுரையாளர்தான் இன்றைக்கும் ஆசிரியர். ஊரில் இருந்த மற்ற அச்சகங்கள், இவ்வளவு குறைந்த பிரதிக்கு மிஷின் கழுவ முடியாது என்று அனுப்பிவிட்டிருந்தன. நான் சரி என்றேன். காற்சட்டைப் பையில் மடித்து வைக்கிற அளவு வேண்டும் என்று சொன்னவன் நான். தண்ணீர் பட்டாலும் தாங்குகிற அட்டை போடச் சொன்னவன் நான். "படித்தவர் எழுதுவது இருக்கட்டும். கயிற்றைப் பிடித்து இறங்கினவன் என்ன சொல்கிறான், அதற்கும் ரெண்டு பக்கம் விடுங்கள்" என்றேன். அந்தப் பக்கம் இன்றுவரை வருகிறது. எத்தனையோ நாட்டுக்குப் போகிறது.

அந்த ரெண்டு பக்கத்துக்கு முதல் விஷயமும் நான் கொண்டுவந்ததுதான். வட ஆற்காட்டிலிருந்து என் அப்பா மலாயாவுக்குக் கப்பல் ஏறினார். அவருடைய அண்ணன் கோலார் தங்கவயலுக்கு ரயில் ஏறினார். அந்தப் பெரியப்பாவின் மகன் ஏழுமலை, அங்கே சுரங்க மீட்புப் படையில் கேப்டன். நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டதில்லை, கடிதம்தான். நான் கேட்டதற்காக அவர் பூமிக்கடியில் ஆட்களை எப்படி எடுப்பார்கள் என்று தமிழில் எழுதி, கைப்பட ஒரு வழிப்படமும் வரைந்து அனுப்பினார். விரிவுரையாளர் ஆங்கிலத்தில் போட்டார். முதல் இதழில் எல்லோரும் பேசியது அதைத்தான்.

இந்த வருஷம், இரண்டாயிரத்து ஒன்றில், பத்திரிகைக்குப் பத்து வருஷச் சிறப்பிதழ். அதில் பத்திரிகையின் வரலாறு வருகிறது. ஆசிரியர் எழுதியதை என் மகள் எனக்குப் படித்துச் சொன்னாள். அதிகாரி வந்தார், டாக்டர் வந்தார், ஆசிரியர் போன மாநாடெல்லாம் வந்தது. என் பெயர் கடைசி வரியில் அச்சகத்தின் பெயராக மட்டும் இருந்தது. நான் போய்க் கேட்டேன். ஆசிரியர் சிரித்துக்கொண்டே, "ஐயா, அந்தத் தங்கவயல் கேப்டனுடைய போட்டோவும் நாலு வார்த்தையும் வாங்கி வாருங்கள். அதோடு உங்களையும் சேர்த்து எழுதிவிடலாம்" என்றார்.

அதற்காகத்தான் நான் போனேன். பத்து வருஷ இதழ்களையும் தோல் அட்டை போட்டு ஒரே தொகுப்பாகத் தைத்து எடுத்துக்கொண்டேன். முதல் இதழ் வேறு யாரிடமும் இல்லை. கைக்குழந்தை கனம் கனத்தது.

பங்காருபேட்டையில் காலையில் இறங்கிப் பசியாறினேன். கோப்பி கேட்டால் சின்னத் தம்ளரில் பாலைக் காட்டினார்கள். எங்கள் ஊர்க் கோப்பியில் பாதி கறுப்பு கூட இல்லை. அங்கிருந்து தங்கவயலுக்குள் போகிற குட்டி ரயில். எதிரே இருந்த அம்மாள் கூடையில் பூக்கோசு வைத்திருந்தாள். அவள் ஒரே மூச்சில் பக்கத்திலிருந்தவளிடம் தெலுங்கிலும், டிக்கெட் பார்க்கிறவரிடம் கன்னடத்திலும், என்னிடம் தமிழிலும் பேசினாள். நான் சாம்பியன் ஸ்டேஷனில் இறங்க வேண்டியவன். ஊரிகத்திலேயே இறங்கிவிட்டேன்.

"இன்னா பெரியவரே, இங்க இன்னாத்துக்கு எறங்குறீங்க, சாம்பியன் இன்னும் வரல" என்று அந்த அம்மாள் சன்னல் வழியாகச் சொல்லும்போது ரயில் நகர்ந்துவிட்டது.

ஆட்டோ பிடித்தேன். அது சயனைடு மேட்டுப் பக்கத்தில் டயர் போய் நின்றது. தங்கம் எடுத்த பிறகு மிஞ்சின மண்ணை மலை மலையாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். உச்சி மேசை மாதிரித் தட்டை. புல் முளைக்கவில்லை. எங்கள் ஈப்போவில் ஈயம் எடுத்த இடங்களில் வெள்ளை மணலும் குளமும் இருக்கும், மீன் வளர்க்கிறார்கள். இங்கே காற்றடித்ததும் அந்த மண் எழும்பி ரோட்டுக்கு வந்தது.

"கண்ணை மூடிக்கங்க, வாயையும் மூடிக்கங்க" என்றார் ஆட்டோக்காரர், சக்கரத்தைக் கழற்றியபடி. "எங்களுக்குப் பழக்கம். நீங்க ஃபாரின்."

"சுரங்கம் மூடி எத்தனை நாள் ஆகிறது?"

"கொஞ்ச நாள்தான். சங்கு ஊதுறதில்ல. எங்கப்பா இன்னும் ஃபர்ஸ்ட் ஷிப்டுக்கு எழுந்து பல் வெளக்கிட்டு சும்மா உக்காந்துக்குறாரு."

ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெரு தாண்டி, வரிசை வீடுகளில் ஒன்று ஏழுமலை அண்ணனுடையது. எல்லா வீடும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி. குனிந்துதான் நுழைய வேண்டும். என் வீட்டு வரவேற்பறையில் இந்த வீடு ரெண்டு அடங்கும். அண்ணன் கதவோரம் தலையணையை முதுகுக்கு வைத்து உட்கார்ந்திருந்தார். கல் தூசி நெஞ்சில் இறங்கினவர். நாலு வார்த்தைக்கு ஒரு முறை நிறுத்தி மூச்சு வாங்கித்தான் பேசுவார்.

"தம்பி, உங்க அப்பா மூக்கு அப்படியே... உனக்கு வந்திருக்குது" என்றார். அப்பாவின் ஒரே போட்டோவை அந்த வீட்டில்தான் பார்த்தேன். அது எங்களிடம் கூட இல்லை.

அண்ணி கண்ணம்மா ராகிக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டார். நான் வாயில் வைத்து மெல்ல ஆரம்பித்தேன்.

"மெல்லாதீங்க கொழுந்தனாரே, முழுங்குங்க" என்றார் அண்ணி. "அத மென்னுக்கினு இருந்தா ஷிப்டே முடிஞ்சுடும்."

ஏழு நாட்டுச் சாப்பாடு சாப்பிட்டவன் நான். களி உருண்டை தொண்டையில் நின்று தண்ணீர் கேட்டது. அண்ணன் சிரித்து, அந்தச் சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று.

மறுநாள் காலையில் அண்ணனை ஆட்டோவில் ஏற்றி அவர் வேலை பார்த்த ஷாஃப்ட் என்கிற இறங்கு குழிக்குப் போனோம். மேலே பெரிய சக்கரம் நின்றிருந்தது. அதன் கயிற்றில்தான் கேஜ் என்கிற கூண்டு தொங்கும், ஆட்களை இறக்கும், ஏற்றும். வாசலில் காவலுக்கு இருந்தவர் அண்ணனைப் பார்த்ததும் எழுந்து, "கேப்டன்" என்று சல்யூட் வைத்தார். உள்ளே விடவில்லை. கம்பி வேலி வழியாக மீட்பு நிலையத்தைக் காட்டினார் அண்ணன். பூட்டியிருந்தது.

"பாறை வெடிச்சா ஊரே ஆடும். அடுப்புல இருக்கிறத... அப்படியே வுட்டுட்டு பொம்பளைங்க... இங்க ஓடி வருவாங்க. உள்ள இறங்குனவன் பேர் போட்ட பித்தளை வில்லை... மாட்டுற பலகை இருக்கும். திரும்பி வராத வில்லை எத்தனை... அத்தனை பேர் கீழே. அதப் பார்த்துட்டு நாங்க அஞ்சு பேர்... முகமூடி மாட்டிக்கினு இறங்குவோம்."

"அண்ணே, இதெல்லாம் நீங்க எழுதி அனுப்பினீங்களே. முதல் இதழில் வந்தது. நான்தான் போட்டேன்."

"நான் அதப் பார்த்ததே இல்லயே தம்பி."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ரெண்டு பிரதி தபாலில் அனுப்பியிருந்தேன். அவை வந்தபோது அண்ணன் நெஞ்சு நோய்க்கு ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார், மாதக்கணக்கில். ஒரு பிரதி மேலாபீசுக்குப் போய்விட்டது. இன்னொன்றில் படம் இருந்த தாளை மட்டும் படையிலிருந்த ஆட்கள் கிழித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு நிலையத்துச் சுவரில் மாட்டிவிட்டார்கள். தங்கள் சுரங்கத்தின் படம் வெளிநாட்டில் அச்சாகி வந்திருக்கிறது என்று அவ்வளவு பெருமை. அண்ணன் திரும்பியபோது சட்டமும் இல்லை, தாளும் இல்லை.

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வீட்டுக்கு வந்ததும் பெட்டியிலிருந்து தொகுப்பை எடுத்து, முதல் இதழைத் திறந்து, அவர் மடியில் வைத்தேன். அண்ணி கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார். நான் கேமராவைச் சரி செய்துகொண்டிருந்தேன், அவர் முகம் மலரும்போது எடுக்கலாமென்று.

முகம் மலரவில்லை. ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது யார் வரைஞ்சது?"

"நீங்கதான் அண்ணே."

"நான் வரைஞ்சது இது இல்ல."

அண்ணியிடம் பென்சில் கேட்டார். செய்தித்தாளின் ஓரத்தில் கோடு போட்டார். ஒரு வட்டம், அது ஷாஃப்ட். அதிலிருந்து லெவல் என்கிற சுரங்கப் பாதை ஒன்று போய் இரண்டாகப் பிரிகிறது. "இந்தப் பிரிவுல இடது பக்கம் போனா... அடுத்த ஷாஃப்ட். வலது பக்கம் கல்லு போட்டு... மூடின பக்கம். காத்து இல்ல. ரொம்ப வருஷம் யாரும் போகாத லெவல் அது. எனக்கு முந்தின ஆளுங்களுக்கும் எனக்கும்தான்... தெரியும். அதுக்குத்தான் வரைஞ்சேன்."

புத்தகத்தில் பார்த்தேன். வழி வலது பக்கம் போயிற்று. மூடிய பக்கம் இடதில் இருந்தது.

நான் அந்தத் தாளைத் தூக்கி வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பின்பக்கமாகப் பார்த்தேன். பின்பக்கத்தில் படம் சரியாக இருந்தது.

அச்சுத் தொழில் தெரிந்தவனுக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை. படத்தைக் கேமராவில் பிலிமாக எடுப்போம். பிலிமுக்கு ஒரு மங்கல் பக்கம், ஒரு மினுமினுப்புப் பக்கம். புரட்டி வைத்தால் இடம் வலமாகும், வலம் இடமாகும். எழுத்து இருந்தால் திரும்பித் தெரியும், குழந்தை கூடக் கண்டுபிடிக்கும். அண்ணன் படத்தில் இருந்த தமிழ் எழுத்தையெல்லாம் நான் என் கையால் சாயம் பூசி மறைத்திருந்தேன், ஆங்கிலம் ஒட்டுவதற்காக. எழுத்து போன பிறகு அந்தப் பிலிமுக்கு முன்பக்கம் பின்பக்கம் தெரியவில்லை. வட்டம் போட்டது ஷாஃப்ட், குறுக்குக் கோடு போட்டது மூடின பக்கம் என்று விரிவுரையாளர் குறித்துக் கொடுத்த அடையாளத்தைப் பார்த்து ஆங்கிலப் பெயர்களை ஒட்டினேன். எல்லாம் பொருந்தின. முதல் இதழ், முக்கியமான படம், வேலைக்காரனை நம்பக் கூடாது என்று நானே செய்தேன்.

"அண்ணே, பிலிம் புரண்டுவிட்டது. என் கை" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அண்ணியைப் பார்த்து, "மாணிக்கம்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அந்த லெவலுக்குப் பக்கத்தில் பாறை வெடித்தது. முனிசாமி என்கிற ஆள் மாட்டிக்கொண்டார். கேப்டன் இல்லாததால் மாணிக்கம் தலைமையில் படை இறங்கியது. அந்த அதிர்ச்சியில் நிலையத்துச் சட்டம் விழுந்து கண்ணாடி நொறுங்கிக் கிடந்திருக்கிறது. மாணிக்கம் தாளை மட்டும் உருவி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். பிரிவில் வலது பக்கம் திரும்பினார். கல் அடைத்த இடத்தில் முட்டி, திரும்பி வந்து, இடது பக்கம் போய்ச் சேர்ந்தபோது முனிசாமிக்கு உயிர் இருந்தது. கேஜில் மேலே வரும்போது போய்விட்டது.

"படத்துல காட்டுன பக்கம்தான் போனேன்னு... மாணிக்கம் சத்தியம் பண்ணான். தாளைக் காட்டுடான்னேன். தண்ணியில ஊறிக் கூழாயிடுச்சுன்னான். நான் வரைஞ்ச படம்... எனக்குத் தெரியாதான்னு கேட்டேன். நான்தான் அவனைப் படையில இருந்து... எடுத்தேன். பொய் வேற சொல்றியான்னு... எல்லார் எதுர்லயும் கேட்டேன்."

அந்த நாளில் அவர் எனக்கு எழுதிய கடிதம் நினைவுக்கு வந்தது. 'நம்ம ஆள் ஒருத்தன் வழி தப்பி ஒரு உயிர் போச்சு' என்று ஒரு வரி. நான் அனுதாபம் தெரிவித்துப் பதில் போட்டேன். நல்ல காகிதத்தில்.

அன்று அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நான் போட்டோ எடுக்கவில்லை.

மாணிக்கம் இப்போது பெங்களூரில் ஒரு கட்டடத்துக்குக் காவலாள். காலை ரயிலில் போய் ராத்திரி வருகிறவர், வீட்டில் பிடிக்க முடியாது. மூன்றாம் நாள் விடிகிற நேரத்தில் அண்ணி என்னைச் சாம்பியன் ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்து அவரைக் காட்டினார். உயரமான ஆள், காக்கிச் சட்டை, கையில் சோற்று டப்பா. அந்த ரயிலில் ஊரே ஏறுகிறது. சுரங்கத்தில் இறங்கினவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், எல்லோரும். நாலு பேர் முழங்கால்மேல் துண்டை விரித்துச் சீட்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். மாணிக்கத்துக்கு அங்கே இடம் வைத்திருந்தார்கள்.

"வா வழிகாட்டி" என்றார் சீட்டுக் கலைத்துக்கொண்டிருந்த கண்ணாடிக்காரர். "பெங்களூரு எந்தப் பக்கம், கரெக்டா சொல்லு, அப்பதான் சீட்டு."

"ரயில் போற பக்கம்" என்றார் மாணிக்கம். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். தினமும் நடக்கிற பேச்சு என்று தெரிந்தது.

நான் அவர் எதிரே நெருக்கி உட்கார்ந்து, யார் என்று சொன்னேன்.

"கேப்டனோட தம்பியா? ஃபாரின் தம்பியா? கேப்டன் வரலியா?"

"மூச்சு விட முடியவில்லை. அதனால்தான்."

"அவருக்கு என்னைத் திட்டும்போது மட்டும் மூச்சு நல்லா வரும்" என்றார் மாணிக்கம், சீட்டை அடுக்கிக்கொண்டே.

தோட்டத்தில் கங்காணி பிரம்புக்கு முன்னால் நின்றிருக்கிறேன். வங்கி மேனேஜர் மேசைக்கு முன்னால் நின்றிருக்கிறேன். எங்கேயும் என் வாய் உலர்ந்ததில்லை. அந்த ரயிலில் உலர்ந்தது. தொகுப்பைத் திறந்து சீட்டு விரித்த துண்டின் மேல் வைத்தேன்.

"இந்தப் படத்தை மாற்றி அச்சடித்தது நான். பிலிமைப் புரட்டி வைத்துவிட்டேன். நீங்கள் சொன்னது நிஜம். படம் உங்களை வலது பக்கம்தான் அனுப்பியது. கேப்டனும் பார்த்துவிட்டார். இதோ, அவர் கையால் நேற்று வரைந்த சரியான வழி."

மாணிக்கம் குனிந்து பார்த்தார். விரலால் ஷாஃப்டிலிருந்து ஆரம்பித்து, பாதையில் போய், பிரிவில் நிறுத்தி, வலது பக்கம் திருப்பினார். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். மூன்று முறை போனார். கண்ணாடிக்காரர் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். அவரும் கீழே வேலை பார்த்தவர்தான், படம் புரிந்தது. அடுத்தவரிடம் கொடுத்தார். கைமாறிக் கைமாறிச் சன்னலோரம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

"அப்போ இத்தனி வருசமா நாம..." என்று ஆரம்பித்த ஒருவர் முடிக்கவில்லை.

"நீ ஆடு. உன் கை" என்றார் மாணிக்கம் அவரிடம்.

யாரும் ஆடவில்லை. பங்காருபேட்டை வந்து ரயில் நின்று புறப்பட்டது.

"முனிசாமி பொண்டாட்டி எங்க தெரு முனையிலதான் கீறாங்க" என்றார் மாணிக்கம், என்னைப் பார்க்காமல். "நான் அந்தப் பக்கமா போறதில்ல. சுத்திக்கினு போறேன். என் பொண்ணு கல்யாணப் பத்திரிகை கூட வேற ஆள்கிட்ட குடுத்து அனுப்புனேன். அவங்க ஒரு நாளும் என்னை ஒண்ணும் கேட்டதில்ல. கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்."

"நான் போய்ச் சொல்லட்டுமா? நீங்கள் சொல்கிற எல்லோரிடமும் சொல்கிறேன்."

"நீங்க நாளைக்கு கப்பல் ஏறிடுவீங்க. வாயால சொன்னது யாருக்கு நிக்கும்? நானும்தான் வாயால சொன்னேன்." அவர் படத்தைத் தட்டினார். "அச்சுல வந்துச்சேன்னு நம்பிப் போனேன். அச்சுலயே வரட்டும். இதே புக்குல. அதுக்கப்புறம் நான் அந்தத் தெரு வழியா போறேன்."

நான் கப்பலில் வரவில்லை, விமானத்தில் வந்தேன் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பிப் போகிற ரயிலுக்குக் காத்திருந்தேன். அது வரவில்லை. லாரியில் ஏறினேன், தக்காளிக் கூடைகளுக்கு நடுவில். எனக்கென்று ரெண்டு கார் ஈப்போவில் நிற்கிறது. லாரிக்காரர் கன்னடத்தில் ஏதோ கேட்டார், நான் தமிழில் ஏதோ சொன்னேன், இருவருக்கும் அது போதுமானதாக இருந்தது.

அன்றே ஆண்டர்சன்பேட்டையில் ஒரு டெலிபோன் பூத்திலிருந்து ஆசிரியரைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அதுவா ஐயா. அதற்கு மூன்றாம் இதழிலேயே திருத்தம் போட்டாயிற்றே. வாசகர் ஒருவர் எழுதியிருந்தார், பொறியாளர். படம் திரும்பியிருக்கிறது போலிருக்கிறதே, கேட்டுப் பாருங்கள் என்று."

"என்னிடம் யாரும் சொல்லவில்லையே."

"அச்சடித்ததே நீங்கள்தானே ஐயா."

தொகுப்பு கையில் இருந்தது. மூன்றாம் இதழின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். அடியில் ரெண்டு வரி, எங்களிடம் இருப்பதிலேயே பொடி எழுத்து. என் ஆபீசில் கோர்த்து, என் மிஷினில் ஓடி, என் கையால் மை சரிபார்த்த பக்கம். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. மூன்றாம் இதழைத் தங்கவயலுக்கு நான் அனுப்பவும் இல்லை. அதில் அண்ணன் விஷயம் ஒன்றும் இல்லையே என்று விட்டுவிட்டேன்.

ஆள் செத்ததையும் மாணிக்கத்தையும் சொன்னேன். செத்தவர் பெயரை ஆசிரியர் மறுபடி கேட்டுக்கொண்டார். கெட்டவர் இல்லை அவர். அவருக்கும் இது புதிது.

"வருத்தமான விஷயம்தான்" என்றார். "ஆனால் இது கொண்டாட்ட இதழ் ஐயா. அமைச்சர் வருகிறார். இதில் வேண்டாமே. உங்களுக்குத் தனியாக ஒரு பக்கம் தருகிறேன். படத்தோடு. பையளவு உங்கள் யோசனை, அட்டை உங்கள் யோசனை, தொழிலாளர் பக்கம் உங்கள் யோசனை, எல்லாம் எழுதுகிறேன். நீங்கள் கேட்டதுதானே?"

நான் கேட்டதுதான். அதற்காகத்தான் கடல் கடந்து போனேன். வாயில் சரி என்கிற வார்த்தை வந்து நின்றது, மறைக்க மாட்டேன். பூத்துக்காரர் நேரம் ஆகிறது என்று விரலைக் காட்டினார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அன்று இருட்டுகிற நேரத்தில் மாணிக்கம் வேலையிலிருந்து திரும்புகிற வழியில் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றார். அன்றைக்கு அரை நாள் சொல்லிவிட்டு வந்தாராம்.

அண்ணன் கதவைப் பிடித்து எழுந்தார். எழுந்த மூச்சிலேயே பேச்சு நின்றுவிட்டது. கையை மட்டும் நீட்டி, உள்ளே வா என்று காட்டினார்.

"நீங்க உக்காருங்க கேப்டன்" என்றார் மாணிக்கம். "நான் வந்தேன்னு சொல்லத்தான் வந்தேன். உள்ள வரல. புக்கு வரட்டும், வரேன்."

"அதுக்குள்ள நான்... போய்ட்டேன்னா?"

"புக்க எடுத்துக்கினு அங்கயே வரேன்" என்றார் மாணிக்கம். அண்ணி, "இன்னா பேச்சு பேசற" என்று அதட்டினார். அண்ணன் சிரித்த மாதிரி இருந்தது. மாணிக்கம் சோற்று டப்பாவைக் கைமாற்றிக்கொண்டு இறங்கிப் போனார். முனிசாமி வீடு இருக்கிற தெரு முனை இடது பக்கம். அவர் வலது பக்கம் திரும்பிச் சுற்றிக்கொண்டு போனார்.

இதை நான் தமிழில் எழுதக் காரணம், எனக்குத் தெரிந்தது இதுதான். பத்திரிகை ஆங்கிலத்தில் வருகிறது. ஆசிரியர் தமிழ் படிப்பார், குழுவில் இன்னும் ரெண்டு பேர் படிப்பார்கள். அவர்களுக்கும் மற்ற எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

பத்திரிகையின் வரலாற்றில் என் பங்கை எழுத வேண்டும். கெஞ்சிக் கேட்கவில்லை, உரிமையாகக் கேட்கிறேன். ஆபத்தில் இறங்குகிறவனுக்காக நடத்துகிற பத்திரிகை அது. இறங்கினவன் ஒருத்தனை நாம் தப்பான பக்கம் அனுப்பிவிட்டு, அவன் பொய் சொன்னான் என்று ஊர் பேச விட்டோம். வரலாறு என்று தலைப்புப் போட்டால் அது உள்ளே இருக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் கூடாது. பொடி எழுத்தில் கூடாது. அமைச்சர் படத்துக்கு எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம். வாசகத்தை நானே தருகிறேன், மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள்:

'முதல் இதழில் வந்த தங்கவயல் சுரங்கப் படம் இடம் வலம் மாறி அச்சானது. பிலிமைப் புரட்டி வைத்தவர் அச்சக உரிமையாளர் சபாபதி. படத்தை வரைந்த கேப்டன் ஏழுமலை சரியாகவே வரைந்திருந்தார். மீட்புக்கு இறங்கிய மாணிக்கம், இந்தப் பத்திரிகை காட்டிய வழியில் சரியாகவே போனார்.'

இது இல்லாமல் சிறப்பிதழ் என் மிஷினில் ஏறாது. வேறு அச்சகத்துக்குப் போனாலும் போங்கள், இந்தக் கட்டுரை அதற்கு முன்னால் தமிழில் அச்சாகி வந்திருக்கும். எனக்குத் தருவதாகச் சொன்ன தனிப் பக்கத்தை எடுத்துவிடலாம். பையளவை யார் வேண்டுமானாலும் யோசித்திருக்கட்டும், அட்டையை யார் வேண்டுமானாலும் சொல்லியிருக்கட்டும். அந்தப் பிலிமை வைத்தது மட்டும் நான். அதை என் பெயரில் போடுங்கள்.